கிரகணத்தன்று ஓடிய மிக்ஸி

1

வியாழக்கிழமைதோறும் என் அம்மா எங்கே போகிறாள்?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவள் இருப்பது பாளையங்கோட்டையில். நான் இருப்பது கொல்கத்தாவில், டாக்குரியாவில். தூரத்தைக் காரணம் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அம்மா வீட்டு பிரிட்ஜ் திறந்தால் இங்கே என் கைப்பேசி துடிக்கிறது. வாசல் கதவு திறந்தால் துடிக்கிறது. மிக்ஸி ஓடினால் துடிக்கிறது. அவள் எவ்வளவு தூங்கினாள், எவ்வளவு நடந்தாள், இதயம் எப்படி அடிக்கிறது, எல்லாம் எனக்கு வந்துவிடும். அம்மா எங்கே என்பது மட்டும் வராது.

அப்பா காலமான பிறகு அம்மா தனியாக இருக்கிறாள். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. யாரோ நண்பரின் தாயார் குளியலறையில் விழுந்து மறுநாள்தான் தெரியவந்ததாம். அதைக் கேட்ட அன்றிலிருந்து, பாளையங்கோட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவை என்னிடம் அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். (ஷார்ஜாவில் இடம் இல்லையாம். ஒன்றேகால் படுக்கையறை வீடாம்.) அம்மா வரமாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வீடு முழுக்கக் கருவிகள் பொருத்துவது, அம்மா கையில் ஒரு பட்டை கட்டுவது, எல்லாவற்றையும் ஓர் ஆப்பில் இணைப்பது. காலை ஒன்பதுக்குள் சமையலறையில் ஏதாவது ஓர் அசைவு, மாலை ஏழுக்குள் இன்னொன்று. இருந்தால் பச்சை. தாமதமானால் மஞ்சள். இல்லவே இல்லையென்றால் சிவப்பு. ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அம்மா மறுபேச்சில்லாமல் கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டும். கால்பந்தாட்டத்தில்கூட விதிகள் இவ்வளவு கடுமையில்லை.

விடுமுறைக்குப் போயிருந்தபோது நான்தான் உடனிருந்து பொருத்த வைத்தேன். கம்பெனியிலிருந்து வந்தவர் மிக்ஸிக்கு ஒரு ஸ்மார்ட் ப்ளக்கை மாட்டிவிட்டு, பிரிட்ஜ் கதவில் வெள்ளையாக வட்டமாக ஒன்றை ஒட்டினார்.

"என்னட்டி இது, பிரிட்ஜுக்குப் பொட்டு வைக்காரு?"

"சென்சாரும்மா. நீ திறந்தா எனக்குத் தெரியும்."

"மோர எடுத்தேனா மாங்காய எடுத்தேனான்னும் தெரியுமோ?"

"அது தெரியாது."

"அப்ப என்னத்தத்தான் தெரியும்?"

வீடியோவில் இருந்த அண்ணன் குறுக்கிட்டான். "நீ நல்லா இருக்கியான்னு தெரியும்மா."

"அத என்கிட்ட கேட்டா நான் சொல்ல மாட்டனா?"

"நீ பொய் சொல்லுவம்மா. முட்டி வலிய மறைச்சேல்லா? மெஷின் பொய் சொல்லாது."

அம்மா குளியலறைக்கென்று வந்த கருவியை மட்டும் எடுத்து, கம்பெனிக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "குளிக்கிற எடத்துல கண்ணு வைக்கிறவனுக்கு எங்கூர்ல வேற பேரு தம்பி" என்றாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பிரிட்ஜ் சென்சாருக்கு நடுவில் நிஜமாகவே ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.

2

என்னைக் கண்காணிக்கக் கொல்கத்தாவில் எந்த ஆப்பும் இல்லை. பாடா இருக்கிறது. பாடா என்றால் தெரு, அதில் குடியிருப்பவர்கள், அவர்களுடைய மூக்கு எல்லாம் சேர்ந்த ஏற்பாடு.

நாங்கள் மூன்றாவது மாடி. காலையில் காய்கறி வண்டி வந்து நின்று கூவும்போது பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவேன். வண்டிக்காரர் கத்தரிக்காயைப் போடுவார், நான் இழுத்துக்கொள்வேன். கணவர் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் மாற்றலாகி வந்த புதிதில் எனக்கு ஒருநாள் காய்ச்சல். பையை இறக்கவில்லை. பத்து மணிக்குத் தரைத்தளத்து ரஞ்சனா பௌதி கதவைத் தட்டினார். பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்தில் மணமான பெண்கள் எல்லோரும் யாருக்காவது பௌதிதான்.

"ஆஜ் ப்யாக் நாமேனி கேனோ?" இன்று ஏன் பை இறங்கவில்லை?

கையில் வெப்பமானி, ஒரு கிண்ணத்தில் பொரி. உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்து, பிரிட்ஜைத் திறந்து பார்த்து, மீனே இல்லாத பிரிட்ஜைக் கண்டு என் மேல் இரக்கப்பட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அன்று மாலைக்குள் மருந்துக்கடைக்காரர்வரை என் காய்ச்சலின் அளவு போய்ச் சேர்ந்திருந்தது. கயிற்றுக்கு வைஃபை தேவையில்லை. ஓடிபியும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்படி எல்லாவற்றிலும் தலையிடுகிறார்களே, மனிதருக்கு ஒரு தனிமை வேண்டாமா என்று அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா "ஆமாட்டி, பாவம்" என்றாள். அது எந்தத் தொனியில் சொல்லப்பட்டது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. அவள் பேரில் உள்ள ழ இந்த ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. பள்ளியில் அவள் ஜாலினி. இப்போது அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். அம்மாவோடு வீடியோவில் பேசும்போது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "ஆமி பாலோ ஆச்சி" என்பாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். திருநெல்வேலிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம். பேத்தி தன்னை ஆச்சி என்கிறாள் என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. நான் திருத்தவில்லை.

திருத்தாததற்குக் காரணம் உண்டு. ஜாதவ்பூரில் ஒரு பள்ளியில் எனக்கு இயற்பியல் ஆசிரியை வேலை தயாராக இருக்கிறது. யாழினியை மதியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் உடனே சேரலாம். பேத்தி ஆசையில் அம்மாவே வந்துவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை. ஆகவே அம்மாவின் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். நான் பச்சைக்காகப் பார்க்கிறேனா, சிவப்புக்காகப் பார்க்கிறேனா? பச்சை வந்தால் "அப்பாடா" என்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கணம் மனத்துக்குள் ஏதோ ஒன்று "சே" என்கிறது. இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

3

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சந்திர கிரகணம். மாலையில் பிடித்து, நிலா எழும்போதே கறுத்து எழும் வகை. மத்தியானம் ரஞ்சனா பௌதி துளசி இலைகளோடு மேலே வந்தார்.

"இனிமேல் அடுப்பு பற்ற வைக்காதே. பாலில், தண்ணீரில் ஒவ்வோர் இலை போடு. உங்கள் மெட்ராஸில் கிரகணம் உண்டுதானே?"

வானம் ஒன்றுதான் பௌதி என்றேன். இயற்பியல் படித்தவள் நான். நிழல் விழுவதால் பால் கெடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பௌதி இறங்கிப் போனதும் பாலில் இரண்டு இலையாகப் போட்டேன்.

எங்கள் வீட்டில் இது துளசி இல்லை, தர்ப்பை. கிரகணம் என்றால் அம்மா சமையலறைக்கே தாழ் போட்டுவிடுவாள். ஊறுகாய் ஜாடி, மோர்ச்சட்டி, அரிசித் தவலை எல்லாவற்றிலும் ஒரு தர்ப்பை. விட்ட பிறகு குளித்து, அடுப்படியைக் கழுவி, அதற்குப் பிறகுதான் ஒரு டம்ளர் தண்ணீர். அப்பா ஒருமுறை கிரகண நேரத்தில் மறந்துபோய் பிரிட்ஜைத் திறந்து ஒரு வாழைப்பழம் எடுத்துவிட்டார். அம்மா அன்று பிரிட்ஜையே காலி செய்து துடைத்தாள். மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை.

இப்போது நான் சொல்லப்போவது புரிந்துவிடும். மாலை ஐந்தரைக்கு என் கைப்பேசி துடித்தது. பிரிட்ஜ் திறக்கப்பட்டது. மறுபடியும் துடித்தது. மிக்ஸி ஓடியது. அதன் பிறகு அந்தக் கம்பெனி வழக்கமாக அனுப்பும் வாசகம், பக்கத்தில் சிரிக்கும் சூரியன்: "அம்மா சமையலறையில் சுறுசுறுப்பாக இருக்கிறார். எல்லாம் நலம்!"

உலகத்தில் எந்தக் கருவிக்கும் அது அபாயமாகத் தெரிந்திருக்காது. கிரகணம் பிடித்திருக்கும்போது என் அம்மா மிக்ஸியில் சட்னி அரைக்கிறாள் என்றால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், அல்லது அந்த வீட்டில் இருப்பது என் அம்மா இல்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டேன். திருடன் சட்னி அரைப்பானா என்றெல்லாம் புத்தி போனது. ஆப்பைப் பார்த்தேன். பச்சையோ பச்சை. இதயத் துடிப்பு சீராக இருந்தது.

4

அடுத்ததாக எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டேன். அம்மாவின் பக்கத்து வீடு, ஒரே சுவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். உடனே எடுத்தார்.

"கோமதியா? என்னட்டி, நல்லாருக்கியா?"

"அக்கா, அம்மா போன எடுக்கல. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

"அம்மா... தூங்குதாவ போல."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கடிகாரம் அடித்தது. அடிப்பதற்கு முன்னால் இருமல் மாதிரி ஒரு சத்தம் போடும் கடிகாரம். எங்கள் வீட்டுக் கடிகாரம்.

"அக்கா, எங்க வீட்லயா இருக்கீங்க?"

கடிகாரம் மிச்ச மணிகளையும் அடித்து முடித்தது.

"மிக்ஸி போட்டது நீங்களா?"

"வெறும் ஜாருதாண்டி. ஒண்ணும் அரைக்கல."

"கிரகணம்க்கா இன்னிக்கு!"

"எங்களுக்கேதுட்டி கெரகணம்? ஞாயித்துக்கெழம கோயில், மத்தநாள் ஒண்ணுபோலத்தான். ஒங்கம்மாவாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம், மறந்துட்டாவ." அவர் குரல் தாழ்ந்தது. "அய்யோ, சிவப்பு விழுந்துட்டா?"

"பச்சதான் விழுந்திருக்கு. அதான் கூப்பிட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. வியாழக்கிழமைகளில் அம்மா விடிந்ததும் கிளம்பிவிடுகிறாள். திரும்ப இரவு எட்டாகும். எஸ்தர் அக்காவிடம் சாவி இருக்கிறது. நேரத்துக்கு வந்து பிரிட்ஜைத் திறந்து மூடுவார், மிக்ஸியை ஒரு சுற்று விடுவார். கையில் கட்டும் பட்டை? அது அம்மாவுக்கு அரித்ததாம். வந்த வாரத்திலிருந்தே அதைக் கட்டியிருப்பது எஸ்தர் அக்காதான். தூங்கியது, நடந்தது, சீராக அடித்தது எல்லாம் அவர்.

"எங்க போறாங்க?"

"அது தெரியாது. தெரிஞ்சாலும் நான் சொல்ல மாட்டேன் கோமதி. சத்தியம் வாங்கிட்டாவ."

ஆப்பில் பழைய வாராந்தர அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். என் அம்மா நிஜமாக வீட்டில் இருந்த நாட்கள் பாதி மஞ்சள். காலைப் பலகாரம் பத்து மணிக்கு, மத்தியானம் நீண்ட மௌனம். வியாழக்கிழமை மட்டும் அப்பழுக்கற்ற பச்சை. கம்பெனி பாராட்டியிருந்தது: "வியாழக்கிழமை அம்மாவின் மிகச் சிறந்த நாள்! மற்ற நாட்களையும் வியாழக்கிழமைபோல் ஆக்க ஊக்குவியுங்கள்!" அண்ணன் அதைக் குடும்பக் குழுவில் போட்டு மூன்று கட்டைவிரல் வைத்திருந்தான். அந்த இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான், இவ்வளவு நன்றாக இருக்கும்போது எதற்கு என்று, அம்மாவின் வருடாந்தரப் பரிசோதனையையும் தள்ளிப் போட்டிருந்தோம். எஸ்தர் அக்கா நீடூழி வாழட்டும்.

இரவு எட்டே காலுக்கு அம்மாவே கூப்பிட்டாள். வீடியோவில் முகம் வெயிலில் கறுத்திருந்தது. தலை கலைந்திருந்தது. குளித்துவிட்டுத்தான் பேசுவேன் என்றவளை நான் விடவில்லை.

"எங்கம்மா போன?"

"வெளிய."

"வெளியன்னா?"

"உள்ள இல்லாத எடம்."

"அம்மா, விளையாடாத. நான் இங்க செத்துப் பொழச்சேன்."

"ஏன்? பச்சதான எரிஞ்சுது? நீயும் ஒங்கண்ணனும் அதத்தான கேட்டிய? நான் எரிய வச்சேன்."

"இது ஏமாத்து இல்லையா?"

"நான் ஒண்ணு கேக்கேன். பை எறக்கலன்னு ஒருத்தி வீட்டுக்குள்ள வந்து பார்த்தான்னு அன்னைக்கு என்கிட்ட அழுதேல்லா? அவளாவது பொரி கொண்டாந்தா. ஒன் மெஷினு என்னத்தக் கொண்டாந்துச்சு?"

ஆஸ்பத்திரிக்குப் போகிறாயா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை என்றாள். யாராவது பணம் கேட்டு மிரட்டுகிறார்களா? சிரித்தாள். வேலைக்குப் போகிறாயா? யாரையாவது பார்க்கப் போகிறாயா? "ஒனக்கு வேற சோலி இல்லையாட்டி" என்றாள். சிரித்தபடியே சொன்னாள். அப்பா போன பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்றை மட்டும் பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். பரிசோதனைக்குப் போய்வர வேண்டும், முடிவுகளை எனக்கு அனுப்ப வேண்டும். போய்விட்டு வந்தாள், அனுப்பினாள். சர்க்கரை கொஞ்சம் கூட, மற்றபடி வயதுக்கேற்ற உடம்பு. அது எஸ்தர் அக்காவின் உடம்பு இல்லை என்பதை வயதைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பதிலுக்கு அம்மா ஒன்றைக் கேட்டாள். "ஒங்கண்ணன்ட்ட சொல்லாத." சொல்லவில்லை. இதுவரை.

5

கிரகணத்துக்கு மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் வீணை இசை கேட்ட பிறகு ஒருவர் கிடைத்தார். இந்தியில் பேசினார்.

"தவறான எச்சரிக்கை வந்ததா மேடம்? சிவப்பா, மஞ்சளா?"

"பச்சை."

"பச்சை எச்சரிக்கை இல்லை மேடம். பச்சை என்றால் நலம்."

"நலம் என்று தவறாக வந்தது. அதற்குத்தான் புகார்."

"பச்சைக்குப் புகார் எடுக்க என்னிடம் வசதி இல்லை மேடம்."

கிரகணத்தை விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஆமாம் மேடம், நேற்று எங்கள் வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்கவில்லை, நானே பட்டினியாகத்தான் வேலை பார்த்தேன். ஆனால் சிஸ்டத்தில் கிரகணம் இல்லை" என்றார். அமைப்புகளை மாற்ற வேண்டுமென்றால் ஓடிபி வரும், பராமரிக்கப்படுபவரின் எண்ணுக்கு. அதாவது அம்மாவை அம்மாவுக்குத் தெரியாமல் கவனிக்க அம்மாவிடமே எண் கேட்டு வாங்க வேண்டும். வைத்த பிறகு, சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வந்தன.

ரஞ்சனா பௌதியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கண் விரியக் கேட்டார். "ப்ரேம் கொர்ச்சே!" காதலிக்கிறார்! அன்று முழுவதும் நான் பௌதியோடு பேசவில்லை. மறுநாள் அவரே வந்து, "காதலாக இருந்தால் என்ன, தையல் வகுப்பாக இருந்தால் என்ன? உன் அம்மா எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்தானே? என் மகன் வருவதில்லையே" என்றார். தையல் வகுப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதிலும் எனக்கு மோசமானதுதான் முதலில் தோன்றுகிறது.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நேற்று எஸ்தர் அக்கா கூப்பிட்டார்.

"கோமதி, வர்ற வியாழக்கெழம நான் நாசரேத்துக்குப் போறேன். தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். பச்சைக்கு ஆளில்ல."

"அம்மாட்ட சொன்னீங்களா?"

"சொன்னா போகாம வீட்லயே இருந்துருவாவ. அதான் ஒன்ட்ட சொல்லுதேன். இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு செவப்பு இருக்குல்லா?"

இருக்கிறது. ஒன்று நாள் முழுக்க மின்சாரம் இல்லாமல் விழுந்தது. இன்னொன்று நிஜம். அப்பாவின் திதி முடிந்த மறுநாள், அம்மா எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவதும் விழுந்தால் அண்ணன் டிக்கெட் போட்டுவிடுவான். தயாராக உட்கார்ந்திருக்கிறான்.

"கையில கட்டுறத நான் போட்டுக்கிட்டே போயிருவேன், அது பாட்டுக்கு நடக்கும். மிக்ஸிய ஒண்ணுல திருப்பி வச்சிட்டுப் போறேன். அந்தப் ப்ளக்க நீ அங்கயிருந்து தட்டுனா ஓடுமாமே? காலைல ஒரு தட்டு, சாயந்தரம் ஒரு தட்டு. அவ்வளவுதான்டி."

ஓடும். ஆப்பில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. இத்தனை நாள் நான் அதைப் பார்த்ததுண்டு, தொட்டதில்லை. பாளையங்கோட்டையில் ஆளில்லாத வீட்டில், மூடிய சமையலறையில், வெறும் ஜாரோடு ஒரு மிக்ஸி ஓடும். ஷார்ஜாவில் என் அண்ணனுக்குப் பச்சை விழும். சூரியன் சிரிக்கும். அம்மா நலமாக இருக்கிறாள் என்று அந்தக் கருவிக்குச் சொல்லியிருப்பது நானாக இருக்கும். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அழுத்தாமல் விட்டால்? அம்மா இங்கே வந்துவிடுவாள். யாழினிக்குத் தமிழ் வரும். எனக்கு வேலை கிடைக்கும். அம்மாவுக்கு மூன்றாவது மாடி, புரியாத மொழி, கயிற்றில் ஏறி இறங்கும் ஒரு பை. வியாழக்கிழமை இருக்காது. நான் எதையும் செய்யவில்லை, கருவிதான் சொன்னது என்று சொல்லிக்கொள்ளலாம். அதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. அழுத்திவிட்டு, அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு எங்காவது வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது அண்ணனுக்கு என்ன சொல்வேன்? எனக்கே என்ன சொல்லிக்கொள்வேன்?

இந்தக் குறிப்பு திங்கட்கிழமை உங்கள் பார்வைக்கு வரும் என்று இதழின் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அண்ணன் தமிழில் எதுவும் படிப்பதில்லை. உங்களில் யாருக்காவது அவனைத் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிட வேண்டாம். அம்மா இந்த இதழை ஒரு வரி விடாமல் படிப்பவள். படிக்கட்டும். படித்துவிட்டு, எங்கே போகிறாள் என்று அவளே சொன்னால் இன்னும் நல்லது.

பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டு எங்கெங்கோ இருந்துகொண்டு, இதேபோல் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் அழுத்தலாமா, கூடாதா? புதன்கிழமைக்குள் எழுதுங்கள். கூடவே, வெறும் ஜாரை வைத்து மிக்ஸியை எவ்வளவு நேரம் விட்டால் மோட்டார் எரியாது என்பதையும் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.